பைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்

ஊர் திரும்பும்வரை அந்தக் கேமராவை என் மனைவி தொடக்கூடாது. பிச்சாவரத்துக்குக் கிளம்புமுன் நான் எடுத்த வீர முடிவு இது.

கேமரா என்னுடையது அல்ல. பெரம்பலூரில் எங்கள் பக்கத்து வீட்டு நிஜாமுதீன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. "அண்ணே, உப்புத்தண்ணி ஒரு சொட்டு பட்டாலும் இதோட கதை முடிஞ்சுது. பாத்துக்குங்க" என்று பையோடு கொடுத்தான். பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கினேன்.

"என்கிட்ட குடுங்களேன், கட்டப்பைல வச்சுக்கிறேன்" என்றாள் வளர்மதி.

"உனக்கு என்ன தெரியும்? போட்டோ எடுக்குறது ஒரு கலை. என் பேரே கலையரசன்."

"பேர்லதாங்க கலை. உங்க கை பட்டா எல்லாம் கலைஞ்சுல்ல போவுது."

இதற்கெல்லாம் பதில் சொன்னால் பயணம் கெடும். மறுநாள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். அரியலூர் தாண்டும்வரை முன்னும் பின்னும் சிமெண்ட் லாரி. ஜிப்பைத் திறந்தால் தூசி உள்ளே போய்விடும். திறக்கவே இல்லை. ஜெயங்கொண்டத்தில் டீ குடிக்கக்கூட இறங்கவில்லை.

"பைய கீழ வச்சுட்டு கையக் கால நீட்டுங்களேன்" என்றாள்.

சதி! இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

பிச்சாவரத்தில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். என்னுடையதைப் பைக்கு மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டினேன்.

"சார், அது ஆளுக்கு" என்றார் படகோட்டி முத்துசாமி.

"எனக்கு நீச்சல் தெரியும். இதுக்குத் தெரியாது."

பாதி பொய். எனக்கும் தெரியாது. அவர் முணுமுணுத்துக்கொண்டே துடுப்பைப் போட்டார்.

நான் படகின் முன்பக்கம் உட்கார்ந்தேன். வளர்மதி எனக்குப் பின்னால். இரண்டு பக்கமும் சுரபுன்னைக் காடு. பின்னாலிருந்து அடிக்கடி 'க்ளிக்' என்று ஒரு சத்தம். துடுப்பு இடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடல் தெரியும் இடத்தில், கிளை நுனியில் ஒரு மீன்கொத்தி!

இதோ என் நேரம். எழுந்து நின்றேன். ஜாக்கெட் பட்டை அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன்.

"ஏங்க, உக்காருங்க!"

"சார், படகு சாயுது!"

பட்டை அவிழவில்லை, பை கைநழுவியது. தொப்!

நிஜாமுதீன் முகம் கண்முன்னே வந்தது. யோசிக்காமல் குதித்தேன். பை ஜாக்கெட்டோடு ஜம்மென்று மிதந்தது. நான்தான் முழுகினேன்.

"முருகா! காப்பாத்து!"

"சார், எந்திரிச்சு நில்லுங்க" என்றார் முத்துசாமி.

நின்றேன். இடுப்பளவுத் தண்ணீர்.

பாய்ந்து பையைப் பிடித்து, ஜாக்கெட் பட்டையைப் பிய்த்தெறிந்து, ஜிப்பைத் திறந்தேன். தண்ணீர் கொட்டியது. உள்ளே ஒரு எவர்சில்வர் டப்பா. மூடியைத் திறந்தால், புளிசோறு.

"வளரு, கேமரா எங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நேத்து நீங்க குளிக்கப் போனப்பவே எடுத்துட்டேங்க. நம்ம நிஜாமுதீனோட பொண்டாட்டி ஷஹானா இருக்குல்ல, அதுதான் வந்து எப்படிப் புடிக்கணும், எங்க அமுக்கணும்னு சொல்லிக்குடுத்துச்சு."

"அதுக்காகப் புளிசோத்தையா வைப்ப?"

"கட்டப்பை கனத்துச்சுங்க. சாப்பாட்ட இவ்வளவு பத்திரமா தூக்கிட்டு வர வேற ஆளு யாரு கெடைப்பா?"

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சொட்டு உப்புத்தண்ணி படாத அந்தக் கேமராவைப் பார்த்ததும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. போன உயிர் திரும்பி வந்து நெஞ்சுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. "நல்லா இரு தாயி!" என்று தண்ணீரில் நின்றபடியே கும்பிட்டேன்.

"அப்படியே நில்லுங்க, அசையாதீங்க" என்று கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

என்ன இருந்தாலும் கட்டிய புருஷன் மேல் பாசம் இருக்கத்தான் செய்கிறது. முகத்துச் சேற்றைத் துடைத்தேன். முடியைக் கோதிவிட்டேன். மீசையைத் தடவிக்கொண்டு, கல்யாண ஆல்பத்தில்கூட சிரிக்காத ஒரு சிரிப்பைச் சிரித்தேன்.

"ஏங்க, கொஞ்சம் குனிஞ்சுக்குங்க. பின்னால நிக்கிற கொக்கு மறையுது."