பனிமூட்டத்தில் ஒரு படகு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது ஒரு சாதனை என்றால், எதையும் நேராகச் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டது அதைவிடப் பெரிய சாதனை. நெருப்பு சுடும். மங்கல் யாரையும் சுடாது. இந்தப் பேருண்மையை உலகுக்கு உணர்த்தும் பொறுப்பு, எப்படியோ நம் தெருவின் நாலாவது வீட்டுக்காரர் தலையில் வந்து விழுந்திருந்தது.

அவர் கட்டுமானத் துறை அலுவலகத்தில் அறிக்கை எழுதும் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இலக்கியவாதி. தையல்கடை மாடியில் கூடும் வட்டத்தில் ‘கலையில் மங்கலின் மாண்பு’ பற்றி மணிக்கணக்கில் பேசுவார். தெருக்காரர்கள் அவருக்குப் ‘பனிமூட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார்.

அவருடைய கடைசிக் கதையில் ஒருவர் நாற்காலியில் உட்காரலாமா என்று யோசிக்கிறார். அத்துடன் கதை முடிகிறது. உட்கார்ந்தாரா இல்லையா என்று கேட்ட ஒருவரைப் பனிமூட்டம் பரிதாபமாகப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர்தான் உண்மையான ரசிகர். “ஒண்ணுமே புரியலைங்க, அப்படியே உலுக்கிடுச்சு” என்றார்.

வீட்டிலும் இதே பாணிதான். காபி வேண்டும் என்பதை ஜன்னலைப் பார்த்து ஒரு பெருமூச்சாக வெளியிடுவார். பால் இல்லை என்பதை அவர் மனைவி, பாத்திரத்தை ணங்கென்று வைத்து வெளியிடுவார். இலக்கியத் தம்பதி.

இந்த நிலையில்தான், புதிதாகக் கட்டிய பேருந்து நிலையத்தின் கூரை ஒரு மத்தியானம் கீழே வந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. கட்டிய ஒப்பந்தக்காரர் பனிமூட்டத்தின் அலுவலகப் பெரிய அதிகாரிக்குச் சம்பந்தி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பொறியாளர் சம்பந்திக்குச் சிநேகிதர். அங்கே இரவுக் காவலாளி யாரென்றால், பனிமூட்டத்தின் மனைவியின் தம்பி. கூரை விழுந்த நேரத்தில் அவன் தன் வீட்டில், ராத்திரி முழுக்கக் கண் விழித்த மனிதன் தூங்குவதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தான்.

விசாரணை அறிக்கை எழுதும் பணி பனிமூட்டத்திடம் வந்தது. அன்று மனைவி பாத்திரம் எதையும் தட்டவில்லை. நேராக எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“இங்க பாருங்க, அடுத்த மாசம் என் தம்பிக்குக் கல்யாணம். அந்த வேலையைப் பார்த்துதான் பொண்ணு குடுக்கிறாங்க. அவன் பேரு அதுல வரக் கூடாது.”

“என் எழுத்துல யார் பேருமே வராது. அதுதானே என் பாணி.”

சொன்னதைச் செய்தார். இப்படி ஒரு அறிக்கையை அலுவலகம் அதுவரை கண்டதில்லை. ‘மேற்படிக் கூரைக்கும் தரைக்கும் இடையே நிலவிவந்த இடைவெளி, ஒரு மத்தியானப் பொழுதில் குறைந்தது’ என்று தொடங்கியது. சிமெண்ட் குறைவாகவும் மணல் கூடுதலாகவும் இருந்ததை, ‘சுவர்களுக்குள் ஒரு கடற்கரையின் ஏக்கம் இருந்தது’ என்று எழுதியிருந்தார். பொறியாளரைப் பற்றி ஒரே வரி: ‘கையெழுத்துகள் இருந்தன; கைகள் தெரியவில்லை.’

பெரிய அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உலகமே இவ்வளவு மங்கலாகவும் இவ்வளவு அழகாகவும் இதுவரை அவருக்குத் தெரிந்ததில்லை. பொறியாளரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். பொறியாளர் கடற்கரை ஏக்கத்தில் நெகிழ்ந்துபோனார். மங்கலை இத்தனை நாள் ரசிக்கத் தவறிவிட்டோமே என்று இருவரும் வருந்தினார்கள்.

பிறகு பெரிய அதிகாரி பனிமூட்டத்தை அறைக்குக் கூப்பிட்டு லேசாக இழுத்தார். தான் ஓவியம் தெரிந்தவன் இல்லை, இருந்தாலும் ஒரு சந்தேகம் என்றார்.

“பனி மூடின ஆத்தை வரையறாங்கன்னு வைங்க. அதுல எங்கேயாவது ஒரு சின்னப் படகைத் தெளிவாப் போட்டுடுவாங்க இல்லையா?”

“ஆமா சார். படகு இல்லேன்னா அது பனின்னே தெரியாது. வெறும் காகிதமாப் போயிடும்.”

“அருமை. இதுல படகு எங்கே?”

பனிமூட்டத்தின் வாழ்நாளில் எந்த மேலதிகாரியும் அவரிடம் கலை பேசியதில்லை. கண் கலங்கிவிட்டது. எந்தப் படகு சார் என்று கேட்டார். பெரிய அதிகாரி எந்தப் பெயரையும் சொல்லவில்லை. அவரும் நுட்பம் பழகிவிட்டார். ராத்திரி அங்கே யாரோ இருப்பார்களே என்று மட்டும், ஜன்னலைப் பார்த்தபடி, பெருமூச்சாக வெளியிட்டார். அறிக்கைப் பிரிவுக்கு ஒரு தலைமை எழுத்தர் தேவைப்படுகிறார் என்பதையும் அதே மூச்சில் சேர்த்துக்கொண்டார்.

பனிமூட்டம் இருக்கைக்குத் திரும்பி ரொம்ப நேரம் யோசித்தார். அவர் பொய் எழுதுகிறவர் இல்லை. யாரையும் குற்றம் சாட்டவும் மனம் வராது. கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தார். கூரை விழுந்தபோது காவலாளி இன்னார், இன்னார் மகன், இன்ன கதவு எண்ணில் குடியிருப்பவர், அங்கே இல்லை. எழுத்துக்கு எழுத்து உண்மை. பகலில் அவனுக்கு அங்கே வேலையில்லை என்பதைச் சொல்லாமல் விட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் வாசகனுக்கு என்ன மிச்சம்?

வாசகர்கள் மிச்சத்தைச் சிறப்பாகவே புரிந்துகொண்டார்கள். அறிக்கை செய்தித்தாளில் வந்த அன்றே காவலாளியை வேலையிலிருந்து எடுத்தார்கள். மறுநாள் பெண் வீட்டார், தங்களுக்கும் நுட்பம் தெரியும் என்பதுபோல, போனை எடுக்காமல் இருந்தார்கள். பனிமூட்டம் தலைமை எழுத்தர் ஆனார். தையல்கடை மாடியில் பாராட்டுக் கூட்டம். மருந்துக்கடைக்காரர் மறுபடியும் உலுக்கப்பட்டார்.

கூட்டம் முடிந்து, கழுத்து மாலையோடு வீட்டுக்கு வந்தால், கூடத்தில் மச்சான் செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தான். மனைவி கதவோரம் நின்றிருந்தார். கையில் பாத்திரம் இல்லை.

மச்சான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். நுட்பம் பிடிபட்டிருக்காது என்று பனிமூட்டம் தைரியம் வரவழைத்துக்கொண்டார். படிச்சியா என்று கேட்டார்.

“மூணு தடவை படிச்சேன் மாமா. நல்லா எழுதியிருக்கீங்க. யார் கட்டினாங்கன்னு புரியல. யார் கையெழுத்துப் போட்டாங்கன்னு புரியல. என்ன விழுந்துச்சுன்னே எனக்குப் புரியல. ஒண்ணே ஒண்ணுதான் பளிச்சுன்னு புரிஞ்சுது.”

ரசிகனைக் கண்டுவிட்ட ஆர்வத்தில் பனிமூட்டம் ஒரு அடி முன்னே வந்தார். “எது?”

“என் பேரு.”