சோளப் புஞ்சைச் சோணைமுத்து சிடியின் அடக்கவிலை வென்ற படலம்

அரை ஏக்கர் சோளத்தின் அதிபதி, பேரத்தில் பின்வாங்காப் பெருந்தகை, சட்டைப்பை திறவாச் சான்றோன் சோணைமுத்துவின் புகழ், பாம்பன் அலை ஓய்ந்தாலும் ஓயாது ஓங்குக!

பால்பிடித்த கதிர்கள்மேல் பச்சைச்சிறகுப் பெரும்படை பறந்திறங்கிய வைகறையில், வெயிலில் மின்னும் குறுந்தகடுகளைக் கயிற்றில் தொங்கவிட்டால் கிளிக்குலம் கண்கூசிக் கலையும் என்று தெளிந்த வீரன், இராமநாதபுரம் கடைவீதிக்குப் பஸ் ஏறினான். தகர டப்பாவைத் தட்டிப் புஞ்சை காத்து நின்ற மனையாள் நாகஜோதி விடைகொடுத்த வாசகம் இது: "பன்னெண்டு மணிக்குள்ள வந்துருங்க. அதுக்கு மேல எனக்குக் கை ஏலாது."

பத்து மணிக்குக் களம் கண்டான். விற்காத பாட்டுத் தகடுகளைக் கோட்டைமதிலாய் அடுக்கி, நடுவே வீற்றிருந்தான் கடைக்காரன் இஃப்திகார். வீரன் பத்துத் தகடு கேட்க, ஒன்று முப்பது ரூபாய் என்று முதற்கணை பாய்ந்தது. பாம்பனில் மூன்றாம் எண் புயற்கூண்டு ஏறினாற்போல் ஏறிற்று வீரனின் புருவம்.

"கம்பெனில இதச் செய்ய அஞ்சு ரூவாதான் ஆகுதாம், பாய். எம் மகன் சொன்னான்."

"சிடிக்கு அஞ்சுதாண்ணே. மிச்சம் உள்ள இருக்குற பாட்டுக்கு."

"எங்கூர்க் கிளி பாட்டுக் கேக்காது. பாட்ட நீங்களே வச்சிக்கிட்டு சிடிய மட்டும் குடுங்க."

"அப்ப எம்ட்டி சிடி வாங்கிக்கங்க. முப்பத்தஞ்சு. இப்ப வரத்து இல்லைல."

பாட்டுள்ளது முப்பது, பாட்டற்றது முப்பத்தைந்து என்னும் இவ்விந்தைக் கணக்கைக் கேட்டு வாலிநோக்கத்து உப்பு கரிப்பை மறந்தது. தனுஷ்கோடி மணல் எழுந்து நின்றது. அடக்கவிலையை வாளாய்ச் சுழற்றினான் வீரன். கடைவாடகையையும் கரண்டு பில்லையும் கேடயமாய்ப் பிடித்தான் வணிகன். இருபத்தைந்து வீழ்ந்தது, பதினெட்டு சாய்ந்தது, பன்னிரண்டு புறமுதுகிட்டது. இடையே இருவரும் இருமுறை டீ குடித்தனர். வணிகன் மதியத் தொழுகைக்குச் சென்றபோது, போரறம் வழுவாத வீரன் பகைவனின் கடையைத் தானே காத்து நின்று, வந்த ஒருவருக்கு முப்பது ரூபாயில் காசு குறையாமல் ஒரு தகடு விற்றும் கொடுத்தான்.

அந்நன்றியில் நெகிழ்ந்து கோட்டை சரிந்தது. அடக்கவிலை ஐந்தே ரூபாய்க்கு, பத்துத் தகடுகள்! மூன்றரை மணிப் பஸ்ஸில், பத்துச் சுடராழிகளை மடியில் ஏந்தி, மாலை வெயில் அவற்றில் பட்டுக் கண்டக்டரின் கண்ணைப் பறிக்க, மண்டலம் வென்ற மன்னனென ஊர் திரும்பிப் புஞ்சை வரப்பில் வந்து நின்றான் சோணைமுத்து.

சோளத்தை எல்லாம் கிளி தின்றுவிட்டுப் போயிருந்தது.