கிரிஸ்டலுக்கு வைத்த பொட்டு

எண்ணுவது எனக்கு ஒரு வியாதி. மம்பாவ் ஊரில் இருக்கும் என் வீட்டிலிருந்து எங்கள் எஸ்டேட் கோயில் வரை எத்தனை வேகத்தடை என்று கேட்டால், தூக்கத்திலும் பதினேழு என்பேன். (பதினெட்டாவதைப் போன மாதம் போட்டார்கள். அதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.) இப்படிப்பட்டவன் ஒரே ஒரு பொட்டை எண்ணாமல் விட்டதால் வந்த வினை இது.

நான்கு வருடங்களுக்கு முன் என் மகள் கவிதாவுக்குக் கல்யாணம். அப்போது எனக்கு வயது அறுபத்தேழு. புத்தி வந்திருக்க வேண்டிய வயதுதான். நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி சொன்னார்:

“எஸ்டேட் கோயில்லயா கல்யாணம்? அப்ப நாங்க பசியாறிட்டே வந்துடறோம் லா. பத்து மணி முகூர்த்தம்னா பதினொன்னரைக்குத்தானே தாலி ஏறும்.”

எல்லோரும் சிரித்தார்கள். எண்ணினேன், பதினான்கு பேர். என் மனைவியும் அதில் உண்டு. தாலி பத்து மணிக்கே ஏறும், அதற்கு என் கையாலேயே ஒரு கடிகாரம் செய்து மணவறைக்கு எதிரே வைப்பேன் என்று அன்றே முடிவு செய்தேன்.

ரப்பர் ஆலையில் முப்பத்தொரு வருடம் பெரிய மோட்டார்களைப் பழுது பார்த்த கை இது. பூரான் மாதிரிக் கால் முளைத்த மைக்ரோகன்ட்ரோலர் சில்லுக்கு இந்தக் கை புதிது. கவிதா செண்டாயான் தொழிற்பேட்டையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் எஞ்சினியர். அவளிடம் கேட்டிருந்தால் ஒரு மணி நேர வேலை. நான் கேட்கவில்லை. (மணப்பெண்ணிடமா கேட்பது? அப்பாவுக்கு என்று ஒரு கௌரவம் இல்லையா?)

ஸ்விட்சைப் போட்டால் சிவப்பு எண்கள் அறுபதிலிருந்து நிமிடம் நிமிடமாகக் குறையும். பூஜ்யத்தில் மணி அடிக்கும். ஒன்பதுக்குப் போட்டால் பத்துக்கு மணி. கணக்கு சுத்தம். ஆனால் பெட்டிக்கு மனம் வந்தால்தான் எரிந்தது. நூறு முறை போட்டுப் பார்த்தேன், முப்பத்தேழு முறை இருட்டு. சில்லுக்கு நாடித் துடிப்பைக் கொடுப்பது பக்கத்தில் இருக்கும் கிரிஸ்டல் என்ற சின்ன வெள்ளி டப்பா. அது சில சமயம் அதிரவே தொடங்கவில்லை. விரலால் அதன் காலைத் தொட்டால் மட்டும் திடுக்கிட்டு எழுந்துகொள்ளும். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான், அதன் இரண்டு கால்களுக்கும் போட்ட கெப்பாசிட்டர்கள் அளவில் பெரியவை என்று தெரிந்தது. சிறியவற்றை மாற்றிப் போட்டேன். நூற்றுக்கு நூறு.

கல்யாணத்தன்று காலை மனைவி சொன்னாள். “புதுச் சாமான். பொட்டு வச்சு எடுத்துட்டுப் போங்க.”

எங்கள் வீட்டில் கார், கேஸ் அடுப்பு, சோறு ஆக்கும் குக்கர் என்று எதுவும் பொட்டில்லாமல் வேலைக்குச் சேர்ந்ததில்லை. அவள் சொன்னது பெட்டிக்கு. நான்தான் மூடியைத் திறந்து, மூன்று வாரம் என்னை அழவைத்துத் திருந்திய அந்தக் கிரிஸ்டலுக்கு, நன்றியோடு, குழைத்த சந்தனத்தை நன்றாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன்.

கோயிலில் தவில்காரரிடம் போய், “குருக்கள் கையைப் பார்க்காதீங்க தம்பி. என் பெட்டியில மணி அடிச்சா கெட்டி மேளம்” என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன்.

ஒன்பது மணி. முன்வரிசையில் சம்பந்தி. ஸ்விட்சைப் போட்டேன். இருட்டு. அணைத்துப் போட்டேன். இருட்டு. பதினொரு முறை.

“என்ன சம்பந்தி, கடிகாரமும் பசியாறப் போயிடுச்சா?”

மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டுக் கிரிஸ்டலைத் தொட்டேன். எரிந்தது. விரலை எடுத்தேன். அணைந்தது. வேறு வழியில்லாமல் விரலை உள்ளேயே வைத்துக்கொண்டு, நிமிடத்தைக் குறைக்கும் பொத்தானை மறு கையால் தட்டிச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தேன். பட்டு வேட்டியும் மாலையுமாக, அணையின் ஓட்டையை விரலால் அடைத்தவன் போல் நாற்பது நிமிடம் நின்றேன். வந்தவர்கள் எல்லோரும் கை குலுக்க வந்தார்கள். இருபத்திரண்டு பேருக்கு இடது கையைக் கொடுத்தேன்.

ஒன்பது நாற்பத்தெட்டுக்குக் குருக்கள் கூப்பிட்டார். “பெண்ணோட அப்பா வாங்கோ. தாரை வார்க்கணும்.”

“ஒரு பன்னிரண்டு நிமிஷம் பொறுங்க சாமி.”

“கன்னிகாதானத்துக்கு ரெண்டு கையும் வேணும்.”

என் மகளை ஒருவர் கையில் ஒப்படைக்கும் நேரம். என் விரலோ ஒரு டப்பாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மனைவி பார்த்த பார்வையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டே மணவறைக்குப் போனேன். மின்கம்பி அறுந்து எண்கள் எல்லாம் இருண்டன. கவிதா குனிந்த தலையோடு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, கிரிஸ்டலுக்கு யாரு பொட்டு வச்சது?”

“நான்தாம்மா.”

“ஈரச் சந்தனம் கால் வரைக்கும் வழிஞ்சிருக்குப்பா. ஈரம் இருந்தா அது எப்படி அதிரும்? தொடைங்க.” பிறகு ஒப்பனை செய்த பெண்ணைப் பார்த்து, “அக்கா, அந்த ஹேர் டிரையரைக் கொஞ்சம் கொடுங்க” என்றாள்.

அங்கவஸ்திரத்தால் துடைத்தேன். என் மச்சான் கம்பியை ஒட்டினார். மணப்பெண் மருதாணிக் கையால் டிரையரைப் பிடித்து, மணவறையிலேயே கிரிஸ்டலைக் காயவைத்தாள். ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு ஸ்விட்சைப் போட்டேன். கனஜோராக எரிந்தது, கூட்டம் கை தட்டியது. தாரை வார்த்தேன், கண் கலங்கியது. சரியாகப் பத்து மணிக்குக் குருக்கள் கையைத் தூக்கி, “கெட்டி மேளம், கெட்டி மேளம்” என்று கத்த, தவில்காரர் பெட்டியைப் பார்த்துத் தயங்கி, பிறகு வாசித்தார். தாலி ஏறியது. சம்பந்தி தன் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொரு முறையும் பார்த்தார். என் வாழ்நாள் வெற்றி அது.

அது நீடித்தது ஐம்பத்திரண்டு நிமிடம்.

பெட்டி புதிதாக அறுபதிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்ததை, எல்லாவற்றையும் எண்ணுகிற நான் மறந்தே போனேன். எல்லோரும் இலையில் உட்கார்ந்து பாயசத்துக்கு வந்திருந்தபோது, பத்து ஐம்பத்திரண்டுக்கு, மணி கணகணவென்று அடித்தது. தவில்காரர் சொன்ன வாக்குத் தவறாதவர். சோற்றுக் கையைக்கூடக் கழுவாமல் ஓடிப்போய்க் கெட்டி மேளம் வாசித்தார். பழக்க தோஷத்தில் சம்பந்தி இலையிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து மாப்பிள்ளை மேல் போட்டார்.

இன்றும் ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் பத்து மணிக்கு நான் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டால், மாப்பிள்ளை போனை எடுப்பதில்லை. பத்து ஐம்பத்திரண்டுக்கு அவரே கூப்பிடுகிறார்.

“மாமா, கிரிஸ்டல் இப்பதான் காஞ்சது. சொல்லுங்க.”