நான் சாகடித்த செயற்கைக்கோள்

நிதானமானவள் என்று எனக்கொரு பெயர் உண்டு. அது பொய். தொண்ணூறுகளில் வந்த ஒரு சனிக்கிழமையை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

புதிய கருவிகள் விண்வெளியில் வேலை செய்யுமா என்று சோதித்துப் பார்க்க ஒரு சின்னச் செயற்கைக்கோளை வெளிநாட்டிலிருந்து ஏவினார்கள். அதன் சிக்னலைப் பிடிக்கும், பங்சார் வட்டாரத்தில் இருந்த அலுவலகத்தில் நானும் ஒரு பொறியாளர். (ஒரே பெண். ஆகவே ஃபேக்ஸ் எடுப்பதும் காப்பி வாங்கிவருவதும் என் துறை.) கட்டுப்பாட்டுக் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. கேட்டேன்.

"நீ வீட்டுல ரெஸ்ட் எடும்மா. இதெல்லாம் டென்ஷன் வேலைலா," என்றார் மேலாளர்.

அந்த ஆத்திரத்தில், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் நாலாவது மாடி பால்கனியில் நானே ஓர் ஆன்டெனா கட்டினேன். நீளமான கம்பு, அதில் வரிசையாக அலுமினியக் குழாய்கள். முதல் சிக்னலைப் பதிவுசெய்து, திங்கட்கிழமை அவர் மேசைமேல் கேசட்டை வைத்து இடத்தை வாங்குவதாகத் திட்டம். பதினேழு வேலைகளுக்குப் பட்டியல் போட்டேன். திசைமானி வைத்து ஆன்டெனாவை வடக்கே திருப்பினேன். எல்லாவற்றுக்கும் டிக் அடித்தேன். (வீட்டாரிடம் சொல்வது பட்டியலில் இல்லை.)

சனிக்கிழமை மதியம் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ராக்கெட் ஒழுங்காகக் கிளம்பி, செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் சேர்ந்துவிட்டது என்றார்கள். மாலை நாலே காலுக்கு வடக்கிலிருந்து நம் தலைக்கு மேல் வரும். அறைக்குள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம் வெறும் இரைச்சல்.

புத்தியுள்ளவள் பால்கனியை எட்டிப் பார்த்திருப்பாள். நான் மேலாளருக்குப் போன் போட்டேன்.

"சார், சாட்டிலைட் செத்துப் போச்சு!"

அந்தப் பக்கம் ஒரே கைதட்டல். "என்னம்மா உளர்றே? இங்க மணி அடிச்ச மாதிரி கேக்குது!"

பால்கனிக்கு ஓடினேன். எங்களோடு இருந்த அத்தை, குழாய்க்கொரு துணியாகக் காயப்போட்டிருந்தார். ஈரச் சேலை, மாமாவின் சாரோங், நாலு துண்டு, எல்லாவற்றுக்கும் கிளிப். கம்பு மேற்கே பார்த்து நின்றது.

"யார் அத்தை இதைத் திருப்பினது?"

"நான்தான். வெயில் அந்தப் பக்கம்லா அடிக்குது. துணி காயப்போடுற மூங்கில் கம்பவிட நல்லாத்தான் கட்டியிருக்கே. இன்னொண்ணு கட்டேன்."

"அது ஆன்டெனா அத்தை!"

"ஆன்டெனான்னா டிவிகிட்ட வைக்கணும். கத்தாதே, எதுத்த வீட்டு ஆன்டி பாக்குறாங்க."

அந்த இடம் வேறொருவருக்குப் போனது. அத்தையின் சேலையை அன்றே மன்னித்துவிட்டேன். ஆனால் பெண்ணென்றால் பதறுவாள் என்று நினைத்த மனிதருக்கு, நானே போன் போட்டு ஆதாரம் கொடுத்தேனே, அதுதான் இன்னும் எரிகிறது. இரண்டு வருடம் கழித்து, அவர் மாற்றலாகிப் போன பிறகே கட்டுப்பாட்டுக் குழுவின் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இந்தக் கதையை என் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு விவரமாகச் சொன்னவர் அத்தை. கணவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் எதற்குக் கோபப்பட்டாலும் எழுந்துபோய் பால்கனியை எட்டிப் பார்ப்பார். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டு சொல்வார்:

"துணி ஒண்ணும் இல்லலா. இப்ப நீ திட்டலாம்."