ஃபீஸ் மட்டும் என்னுடையது

யாராவது என்னைக் கனிவாகப் பார்த்து "சொல்லுங்கோ" என்றால் போதும், என் வாய் அதற்குப் பிறகு நிற்காது. கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினால் பம்பலப்பிட்டி வருவதற்குள் பக்கத்து ஆசனக்காரருக்கு என் இரத்த அழுத்தம், சம்பளம், மாமியாரோடு உள்ள மனத்தாங்கல் எல்லாம் தெரிந்திருக்கும். (அவர் இடையில் இறங்கிவிட்டால் மிச்சம் அடுத்து வந்து இருப்பவருக்கு.) இந்த வியாதியால் நான் பட்ட அவமானங்களில் முதலிடம் வீடு வாங்கப் போன கதைக்குத்தான்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். நாங்கள் என்றால் நான், மனைவி சிறோமி, ஐந்து வயது மகள் டிலானி. எனக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் கொம்பனியில் கிளாக் வேலை. சிறோமி வெள்ளவத்தையில் ஒரு பாமசியில். வீட்டுக்காரம்மா சுவரில் ஒரு ஆணி அடிக்க விடமாட்டார். எங்கள் கல்யாணப் படம் வருடக்கணக்காக அலுமாரிக்கு மேலே சாய்ந்தபடியே நின்றது. பிறகு ஒருநாள் அவர் மகனுக்குக் கல்யாணம் பொருந்தியது; ஆறு மாதத்தில் மாடியை விடச் சொல்லிவிட்டார்.

இரண்டு ஒழுங்கை தள்ளி ரஞ்சன் அண்ணையின் வீடு விற்பனைக்கு வந்தது. புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் ஒரு ஃபிளட் வாங்கிக்கொண்டு போகிறார். சின்ன வீடுதான், ஆனால் சிறோமி உள்ளே போன உடனேயே எந்தச் சுவரில் படம் மாட்டுவது என்று முடிவு செய்துவிட்டாள். பின்னறையில் ஒரு வயதான மனிதர் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது எங்கட சவிரிமுத்து அங்கிள். போர்ட்ல கிரேன் ஓட்டினவர். அவரும் எங்களோட வருவார், பிரச்சினை இல்லை," என்றார் ரஞ்சன் அண்ணை.

சிறோமியின் காப்பும் எங்கள் சீட்டுக் காசும் அட்வான்ஸ் ஆகின; பாதி கொடுத்தாயிற்று, பாதி மாதக் கடைசியில். நாங்கள் பின்வாங்கினால் அது திரும்பி வராது. மிச்சத்துக்கு அந்த வீட்டையே ஈடு வைத்து வங்கிக் கடன். வீட்டின் உறுதிப் பத்திரம் சரியா என்று வங்கியின் லோயர் பார்த்துச் சொன்னால்தான் கடன். கடன் இல்லையென்றால் வீடும் இல்லை, அட்வான்ஸும் இல்லை, ஆறு மாதத்தில் தலைக்கு மேலே கூரையும் இல்லை.

"எங்களுக்கென்டு ஒரு லோயர் பிடிப்பமே," என்றாள் சிறோமி.

"பேங்க் ஒரு லோயரைத் தருது. ஃபீஸ் கட்டுறது நாங்க. பிறகென்னத்துக்கு இன்னொருத்தர்? ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு மாப்பிள்ளையா?"

"பொம்பிளை பக்கத்துக்கும் கதைக்க ஆள் வேணும்தானே."

நான் சிரித்தேன். பத்து வருடமாகக் கப்பல் பத்திரங்களைப் படித்துக் கிழிப்பவனுக்கு ஒரு வீட்டுப் பத்திரம் எம்மாத்திரம்!

புதுக்கடையில் நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சந்தில் அந்த லோயரின் அறை. என்னைவிட நாலைந்து வயது குறைந்த பெண். பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். மஞ்சள் கொப்பியைத் திறந்து, பேனாவை எடுத்து, கனிவாக என்னைப் பார்த்து, சொல்லக்கூடாத அந்த வார்த்தையைச் சொன்னார்.

"சொல்லுங்கோ."

சொன்னேன். உறுதியில் விலையைக் குறைத்துப் போட்டால் முத்திரைக் காசு மிச்சம் என்று ரஞ்சன் அண்ணை சொன்னதை, நானே கண்டுபிடித்த யோசனை மாதிரிச் சொன்னேன். குசினிச் சுவரை உடைத்து, யாரிடமும் கேட்காமல், சிறோமி பின்னேரத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஒரு டியூஷன் அறை கட்டப் போவதைச் சொன்னேன். எங்கள் கொம்பனியை யாருக்கோ விற்கப் போகிறார்களாம், வேலை இருக்குமோ தெரியாது என்பதை, குரலைத் தாழ்த்தி, சொந்தத் தங்கையிடம் சொல்வதுபோலச் சொன்னேன். உறுதி எழுதும்வரை காத்திருக்காமல் மாதக் கடைசியில் மிச்ச அட்வான்ஸையும் கொடுத்துச் சாமானை ஏற்றப் போகிறோம், லொறிகூடப் பேசியாயிற்று என்றேன். பின்னறை அங்கிளின் மீன்தொட்டியில் எத்தனை மீன் என்பதையும் விடவில்லை.

அவர் எல்லாவற்றையும் எழுதினார். இவ்வளவு அக்கறையான லோயர் உலகத்தில் உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

பேனாவை மூடினார். "மிஸ்டர், ஒன்டு சொல்லவேணும். நான் பேங்க்ட லோயர். உங்கட லோயர் இல்லை."

"ஆனா ஃபீஸ் நான்தானே கட்டுறது?"

"ஓம். ஃபீஸ் நீங்க. ஆள் பேங்க்ட."

பிளேன்டீக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"மிஸ், நான் சும்மா பகிடிக்குச் சொன்னது."

"எதை? விலையையா, சுவரையா, வேலையையா?"

என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். "உறுதியில உண்மையான விலைதான் எழுதுவன். சுவரை உடைக்க முதல் பேங்க்ட அனுமதி கேளுங்கோ. கொம்பனிக் கதை எனக்குத் தேவையில்லை, ஆனா பேங்க் என்னட்டக் கேட்டா நான் பொய் சொல்லமாட்டன். அதை விடுங்கோ. அந்த அங்கிள் யார்? வீடு முதல் யார்ட பேர்ல இருந்தது?"

எனக்குத் தெரியாது. மீன்கள் எத்தனை என்பது மட்டும் தெரியும்.

"காணிப் பதிவு பார்த்திட்டுச் சொல்லுறன். அதுவரைக்கும் ஒரு சதமும் குடுக்காதேங்கோ. லொறியை நிப்பாட்டுங்கோ."

சிறோமியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி கொச்சிக்கடை வரை நடந்தே வந்தேன். சொன்னதும் அவள் கத்தவில்லை. அலுமாரிக்கு மேலே இருந்த படத்தை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நடுவில் லொறிக்காரன் வேறு போன் எடுத்து, "அய்யே, லொறிய ஓனேத, எபாத?" என்று லொறி வேண்டுமா வேண்டாமா எனச் சிங்களத்தில் கேட்டுக்கொண்டிருந்தான். வீடே வேண்டுமா வேண்டாமா என்று தெரியாதவனிடம்!

ஒரு கிழமையில் லோயர் கூப்பிட்டார். அந்த வீடு முதலில் சவிரிமுத்து அங்கிளுடையது. மருமகன் முறையான ரஞ்சன் அண்ணைக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தபோது, தன் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையை, தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறார். அது தீராமல் வங்கி கடன் தராது. லொறியில் சாமானோடு போய் இறங்கியிருந்தால், கொடுத்த காசெல்லாம் ரஞ்சன் அண்ணையிடம் இருந்திருக்கும், நாங்கள் அங்கிளின் தயவில் இருந்திருப்போம்.

"அது சும்மா வழக்கத்துக்கு எழுதுறதுதானே," என்றார் ரஞ்சன் அண்ணை.

இந்த முறை சிறோமி என்னைக் கேட்கவில்லை. பாமசிக்கு இழுப்பு மருந்து வாங்க வரும் ஒரு லோயரைப் பிடித்து வந்தாள். எங்களுடைய லோயர். அவர் முதலில் செய்த வேலை, என்னை வாய் திறக்க வேண்டாம் என்று சொன்னது. இரண்டாவது, அங்கிளிடம் போய்ப் பேசியது. அப்போதுதான் தெரிந்தது, வெள்ளவத்தை ஃபிளட்டைப் பற்றி அந்த மனிதரிடம் யாருமே வாய் திறந்து கேட்டிருக்கவில்லை.

"நாலாம் மாடியா? நாப்பது வருசம் கிரேன்ல மேல இருந்தனான், காணும். எனக்குக் கோயில் மணி கேக்கிற இடத்தில கீழ்வீட்டு அறை ஒன்டு எடுத்துத் தரச் சொல்லுங்கோ. உரித்தை விட்டுத் தாறன்," என்றார்.

ரஞ்சன் அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த ஒழுங்கையில் அறை எடுத்துக் கொடுத்தார். கையெழுத்து நாளன்று புதுக்கடை அறையில் மூன்று லோயர்மார் இருந்தார்கள். அங்கிள் பேனாவைத் தொடவில்லை. ஒவ்வொருவராக விரலை நீட்டிக் கேட்டார்.

"நீங்க யார்ட லோயர்?"

"பேங்க்ட."

"நீங்க?"

"இவையின்ட."

"நீங்க?"

"உங்கட லோயர், அங்கிள்."

"அப்ப நீங்க காட்டுற இடத்தில வைக்கிறன்," என்று கையெழுத்து வைத்தார். சிறோமி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வீடு எங்களுடையதாயிற்று. (கொம்பனியை விற்றார்கள்தான், புதிய முதலாளி என்னை வைத்துக்கொண்டார்.) சுவரில் எத்தனை ஆணி அடித்தோம் என்று கணக்கில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் யாரிடமாவது வாயைத் திறந்தால், மேசைக்கு அடியில் சிறோமியின் கால் என் காலை மிதிக்கும். "கேட்டனீங்களா, அவர் யார்ட லோயர் என்டு?" மீன்காரரிடம், டொக்டரிடம், களுபோவில ஆஸ்பத்திரி வரிசையில்கூட. டிலானி இதைக் கேட்டே வளர்ந்தாள்.

போன வருடம் அவளுக்கு முதல்நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்கு முதல் நாள், ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும் முதலாவது பாவசங்கீர்த்தனம். பிள்ளைகள் வரிசையாகப் போய் முழங்காலில் இருந்து, இரண்டு நிமிடத்தில் எழும்பி வந்தார்கள். இவள் மட்டும் வெகுநேரம். உள்ளே இருந்து ஃபாதரின் சிரிப்பு கோயில் முழுக்கக் கேட்டது.

வெளியே வந்தவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "என்ன மகள் நடந்தது?"

"ஃபாதர் 'சொல்லுங்கோ' என்டார். நான் 'நீங்க யார்ட லோயர்?' என்டு கேட்டனான்."

சிறோமி லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதுக்கு ஃபாதர்?"

"'நான் உன்ட லோயர்தான் மகள், ஃபீஸும் இல்லை' என்டார்."

"பிறகு நீ என்ன சொன்னனீ?"

டிலானி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அது எனக்கும் என்ட லோயருக்கும், டடா," என்று சொல்லிவிட்டு ஐஸ்கிறீம் வண்டியைப் பார்த்து நடந்தாள்.