சாக மறுத்த காபி மெஷின்

என் மாமனார் ஒருமுறை சொன்னார்: "வீட்டுல எந்தச் சாமானும் தானா கெட்டுப்போறதில்ல மாப்பிள்ளே..." அதற்கு ஒரு பின்பாதி இருந்தது. 'யாரோ கெடுக்கறாங்க' என்று முடித்தாரா, 'யாரோ கெட விடறாங்க' என்று முடித்தாரா, எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. மாமனார் பேசும்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காதை வேறெங்கோ வைத்திருந்ததன் பலன். இரண்டில் எனக்கு வசதியான முடிவை எடுத்துக்கொண்டேன். என் எஸ்பிரெஸ்ஸோ மெஷினைக் கெட விடுவது என்று தீர்மானித்தேன்.

காரணம் சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். என்னைவிட இளையவர், மற்ற எல்லாவற்றிலும் என்னைவிட ஒரு படி மேல்.

பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியபோது நான் கொண்டுவந்தவை இரண்டு மொழி, ஒரு முதுகுவலி, அந்த மெஷின். ஊர் திரும்பிய கொஞ்ச நாள் அதுதான் சொந்தக்காரர்களிடையே எனக்கு இருந்த மரியாதை. வருகிறவர்கள் சமையலறை வாசலில் நின்று பார்ப்பார்கள். பிறகு சகலை ஒன்று வாங்கினார். அதில் இரட்டைக் கொதிகலன். ஒன்று காபிக்கு, மற்றது பாலை நுரைக்க வைக்கும் நீராவிக்கு. என்னுடையதில் ஒன்றே ஒன்று. காபியை இறக்கிவிட்டு, பாலுக்காகக் கொதிகலன் மறுபடி சூடேறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

"உங்களுது சிங்கிள்தானே அண்ணா?" என்று போனில் கேட்டார். கொஞ்சம் இடைவெளி விட்டு, "பாவம்" என்றார். மெஷினையா என்னையா என்று சொல்லவில்லை.

மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"நாமளும் மாத்திடலாமா?"

"எதை?"

"மெஷினை."

"ஓடுதா?"

"ஓடுது. ஆனா..."

"ஓடுறதை எதுக்கு மாத்தணும்? நின்னா பார்ப்போம். நின்னா நானே கடைக்கு வரேன்."

"அதுல ரெண்டு பாய்லர் இருக்காம். காத்திருக்கவே வேண்டாமாம்."

"இந்த வீட்லயும் ரெண்டு பாய்லர் இருக்கு. ஒண்ணு நான், ஒண்ணு நீங்க. போதும்."

நின்னா. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

என் தொழிலைச் சொன்னால்தான் என் துரோகத்தின் ஆழம் விளங்கும். நான் கருவிக் கையேடுகளை மொழிபெயர்ப்பவன். 'உட்பகுதியை வாரந்தோறும் சுத்தம் செய்யவும்' என்று வாழ்நாளெல்லாம் எழுதிக்கொண்டிருப்பவன். ஒரு மெஷின் எப்படி வாழும் என்று தெரிந்தவனுக்கு அது எப்படிச் சாகும் என்றும் தெரியும். வடிகட்டிய தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் போதும். உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கொதிகலனுக்குள் படியும். காபி இறங்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவாவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு கட்டிக்கொள்ளும். நீராவிக் குழாயின் மூக்கில் பால் காய்ந்து அடைக்கும். ஒரு நாள் மெஷின் இருமும். இன்னொரு நாள் நிற்கும். கையில் ரத்தக்கறை இருக்காது.

அலட்சியம் சுலபமான காரியம் என்று நினைப்பவர்கள் அதைத் திட்டமிட்டுச் செய்துபார்க்காதவர்கள். எதையெல்லாம் செய்யக்கூடாது என்று தினமும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மனைவிக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று வெளிப்புறத்தை மட்டும் மென்துணியால் துடைத்தேன். அதில் என் முகம் தெரிந்தது. பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் தொடர்ந்து துடைத்தேன்.

அந்த மெஷினில் ஓர் ஆரஞ்சு விளக்கு உண்டு. உள்ளே உப்பு படிந்தால் மினுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பேன். மினுக்கவில்லை. வாரங்கள் போயின. மினுக்கவில்லை. விளக்கே கெட்டுவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. சுவிட்சைப் போடும்போது எல்லா விளக்குகளோடும் சேர்ந்து அதுவும் ஒரு கணம் எரிந்து, நான் நலம் என்றது.

"இன்னைக்குக் காபி பிரமாதம்" என்றாள் மனைவி.

"அப்படியா?"

"போன மாசத்தைவிட நல்லா இருக்கு. கை தேறிடுச்சு உங்களுக்கு."

குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. வயிற்றெரிச்சலோடு இன்னொரு கப் குடித்தேன்.

சகலை வாராவாரம் போன் செய்தார். நுரையில் இலை வரைந்து படம் அனுப்பினார். இனிக் காத்திருப்பதற்கில்லை என்று மெஷின் மெக்கானிக்கை அழைத்தேன். மெஷினை இரண்டு விரலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பதால் அவருக்கு 'டாக்டர்' என்று பெயர். புதிய மெஷின்களும் விற்பவர்.

"டாக்டர், வந்து திறந்து பாருங்க. பார்த்துட்டுத் தலையை ஆட்டுங்க."

"எப்படி ஆட்டணும் சார்?"

"தேறாதுங்கற மாதிரி."

"புதுசு எங்கிட்டதானே எடுப்பீங்க?"

"வேற யார்கிட்ட?"

"அப்ப தேறாது சார்" என்றார், பார்க்காமலே.

மனைவிக்கு விடுமுறையாக இருக்கும் நாளைத்தான் தேர்ந்தெடுத்தேன். மரணத்துக்குச் சாட்சி வேண்டுமே. டாக்டர் மேல்மூடியைக் கழற்றினார். குனிந்தார். டார்ச் அடித்தார். சல்லடையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நீராவிக் குழாயின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை ஆடவில்லை. நான் தொண்டையைச் செருமினேன்.

"என்ன டாக்டர், தேறாதுதானே?"

"சார்," குரல் தழுதழுத்தது. "மன்னிச்சுக்கங்க. என்னால முடியல."

"என்ன முடியல?"

"எத்தனையோ வீட்ல திறந்திருக்கேன். உள்ள பார்த்தா அழுகை வரும். இது கடையிலேர்ந்து நேத்து வந்த மாதிரி இருக்கு. ரப்பர் வளையம்கூடப் புதுசு. இதைப் போய்த் தேறாதுன்னு சொன்னா என் கை விளங்காது. யார் சார் பார்த்துக்கறா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "அவர்தான். வேற யாரையும் தொடவே விடமாட்டார்" என்றாள்.

டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன போட்டு சார் கழுவறீங்க?"

இரண்டு மொழியும் கைவிட்டன. மனைவிதான் சொன்னாள். "சிட்ரிக் ஆசிட். அளவா. அப்புறம் நல்ல தண்ணியில மறுபடி மறுபடி ஓடவிடுவார். சரிதானேங்க?"

"சரிதான்" என்றேன்.

டாக்டர் போன பிறகு இருவரும் திறந்து கிடந்த மெஷின் முன்னால் நின்றோம். உள்ளே செப்புக் குழாய்கள் மின்னின. வெளியே நான் துடைத்த மினுக்கம் வேறு, இது வேறு. மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். கருவி அழுக்காக இருந்தால் முடிவு பொய் சொல்லும் என்பது அவள் தினமும் உதிர்க்கும் வாக்கியம். நான் தினமும் கேட்காத வாக்கியமும் அதுதான்.

"எப்பத்திலேர்ந்து?" என்றேன்.

"நீங்க வெளியில தொடைக்க ஆரம்பிச்ச அன்னிக்கே. கல்யாணம் ஆனதிலேர்ந்து ஒரு மேசையைத் தொடைச்சதில்ல. திடீர்னு ஒருத்தர் வெளியில பளபளப்பாக்கினா, உள்ள என்னமோ பண்றார்னுதானே அர்த்தம்?"

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா பொய் சொல்லுவீங்க. அப்புறம் அந்தப் பொய்யையும் சேர்த்து நான் பார்த்துக்கணும். நீங்க வாக்கிங் போற நேரத்துல குழாய்த் தண்ணியைக் கொட்டிட்டு நல்ல தண்ணி ஊத்தறது அதைவிட லேசு."

இந்த வீட்டில் வேறு எதெல்லாம் தானாக ஓடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று யோசித்தேன். குளிர்சாதனப் பெட்டி. என் ரத்த அழுத்தம். சகலையுடனான உறவு. ஒவ்வொன்றின் மேல்மூடியையும் கழற்றிப் பார்க்கப் பயமாக இருந்தது. இதை அவளிடம் ஒரு நல்ல வாக்கியமாகச் சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் ஒலித்தது. தங்கை.

மனைவி நடந்துகொண்டே பேசினாள். பால்கனி வரை போய்த் திரும்பி வந்தாள். "அச்சச்சோ" என்றாள். "ரெண்டுமேவா?" என்றாள். பிறகு, "சேச்சே, அதெல்லாம் வேண்டாம்டி. நான் சொல்லிக்கறேன்" என்று வைத்தாள்.

"என்னவாம்?"

"அவங்க மெஷின் நின்னுபோச்சாம். வாங்கின நாள்லேர்ந்து உங்க சகலை ஒரு தடவைகூட உள்ள கழுவலையாம். இலை வரையவே நேரம் சரியா இருந்துதாம்."

நல்லவனாக இருக்கும் முயற்சியில் நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"அவருக்கு வெறுத்துப்போச்சாம். கண்ணுல படாம எங்கயாவது தொலைச்சா போதும்கறாராம். 'அத்தானுக்குத்தான் மெஷின் பைத்தியமாச்சே, எடுத்துக்கறாரான்னு கேளு, சும்மாவே தரோம்'னா தங்கச்சி."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? இப்பதான் டாக்டர் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுக் கண் கலங்கிட்டுப் போறார். இதை உள்ளங்கையில வெச்சுத் தாங்கறார், இன்னொண்ணைத் தொடமாட்டார்னு சொல்லிட்டேன்." மேல்மூடியை எடுத்து மெஷின் மேல் பொருத்தினாள். "ஏன், வேணுமா? வேணும்னா இப்பவே கூப்பிட்டு, நம்ம மெஷினை அவர் கழுவவே இல்ல, சாகட்டும்னு விட்டுட்டார்னு உண்மையைச் சொல்லிடறேன். உங்க சகலையும் பக்கத்துலதான் இருக்கார்."

போனை என் பக்கம் நீட்டினாள். திரையில் தங்கையின் பெயர் இருந்தது. நான் போனையும் மெஷினையும் பார்த்தேன். மெஷினில் என் முகம் தெரிந்தது.

"இல்லேன்னா, தங்கச்சி இன்னொண்ணும் கேட்டா," என்றாள் மனைவி. "அத்தான் அவ்வளவு நல்லா சுத்தம் பண்ணுவார்னா, ஒரு நாள் வந்து எங்களுதையும் பண்ணித் தருவாரான்னு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சகலை வீட்டுக்குப் போய் அவருடைய மெஷினைக் கழுவிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.