அத்தை குரலில் பாடிய லினக்ஸ்

ஒழுங்காக ஓடுகிற எதையும் சும்மா விடாத ஒரு ரகம் உலகத்தில் உண்டு. மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றினால் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும், கழற்றிப் பார்ப்பார்கள். அந்த ரகத்தாருக்கு ஒரு சங்கம் வைத்தால் நான்தான் தலைவர். எதிர்த்து யாரும் நிற்கமாட்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருடங்கள். ராயபுரத்தில் எங்கள் தெருவிலேயே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கம்ப்யூட்டர் என்னிடம் மட்டும்தான் இருந்தது. (மற்றவர்கள் விவரமானவர்கள்.) அதில் பாட்டு கேட்கவைக்க நான் பட்ட பாட்டைத் தனியாக ஒரு பாட்டாகவே பாடலாம். ஆனால் கேட்கவைத்துவிட்டேன். பாட்டு ஓட்டும் ஒரு பிளேயரை நிறுவினேன். சேர்த்துவைத்த எம்.பி.த்ரீ பாட்டெல்லாம் அதில் அருமையாக ஓடிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் ஸ்டெல்லா அக்காவுக்கு எண்ணூரிலிருந்து வரன் வந்தது. அதற்குமுன் வந்த இரண்டு இடங்களும் அவள் வாயால் கெட்டவை. யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே பேசிக்காட்டுவாள். அவர்கள் வாசலைத் தாண்டும்வரை பொறுக்கவும் மாட்டாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய எங்கள் நைனா இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டார்.

"மோதரம் மாத்துற வரிக்கும் வாயத் தொறக்கக் கூடாது, ஆமா. இதுவும் பூட்சின்னா அப்புறம் நீ இந்த வூட்லயே குந்திகினு இருக்க வேண்டியதுதான்."

அக்காவுக்கும் மாப்பிள்ளையைப் பிடித்துத்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டாள். சோதனையாக, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மாவோ மிமிக்ரி செய்வதற்கென்றே பிறந்தவர் போலப் பேசினார். "கொற சொல்றன்னு நெனைக்காதம்மா, காப்பில சக்கர பத்தல. கொற சொல்றன்னு நெனைக்காத, பொண்ணு கொஞ்சம் எளச்சி கீது." அவர்கள் பஸ் ஏறியதுதான் தாமதம், அக்கா அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டினாள். அச்சு அசல் அதே குரல். நான் புதிதாக வாங்கிய மைக்கை நீட்டி அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்துவைத்தேன். எம்.பி.த்ரீ ஆக்கத் தெரியாததால் அது வேவ் என்ற வேறு வகைக் கோப்பாகவே கிடந்தது.

சர்ச் பக்கத்துக் கூடத்தில் நிச்சயதார்த்தம். "கேசட்டு போடற ஆளெல்லாம் வேணாம் நைனா, ஸ்பீக்கரு மட்டும் எடுத்தா போதும். மத்தத நான் பாத்துக்கறேன்" என்று மார்தட்டினேன். தட்டியதோடு நின்றிருக்கலாம். அன்று காலையில் பத்திரிகையோடு வந்த ஒரு சிடியில் அதே பிளேயரின் புதிய பதிப்பைப் பார்த்தேன். பாட்டுக்கேற்ப கலர் கலராகக் கோடுகள் ஆடுமாம். எண்ணூர்க்காரர்கள் அசந்துபோக வேண்டாமா?

நிறுவப் போனால், முதலில் வேறொரு மென்பொருள் வேண்டும் என்றது. அதைப் போட்டால், அதற்கு இன்னொன்று வேண்டும் என்றது. சீர்வரிசை கேட்கிற சம்பந்தி வீடு தோற்றது. கடைசியில், பழைய பிளேயரை எடுத்துவிடட்டுமா என்று மரியாதையாகக் கேட்டது. எடுத்துக்கொள் என்றேன். காப்புரிமைப் பிரச்சினையால் புதிய பதிப்பில் எம்.பி.த்ரீ ஓடாது என்று கூடவே ஒரு குறிப்பு இருந்திருக்கிறது. (குறிப்பைப் படிப்பவன் எதற்கு லினக்ஸ் போடுகிறான்?)

சோதித்துப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். இருப்பதிலேயே சின்னக் கோப்பாக அக்காவின் மிமிக்ரியைச் சேர்த்து, ஹெட்போனில் கேட்டேன். கணீரென்று ஓடியது, கோடுகளும் ஆடின. அதை நீக்க மறந்து, அதற்குக் கீழேயே பாட்டுகளையெல்லாம் வரிசையில் ஏற்றிக்கொண்டு கம்ப்யூட்டரோடு கூடத்துக்குக் கிளம்பினேன்.

எண்ணூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மோதிரத் தட்டு மேடைக்கு வந்தது. நைனா கண்ணைக் காட்டினார். முதல் பாட்டைத் தட்டினேன். சத்தமில்லை. பிளேயர் அடுத்ததற்குத் தாவியது. அதுவும் இல்லை. நிறுத்தத்தில் நிற்காத பஸ் மாதிரி ஒவ்வொரு பாட்டாகத் தாண்டிக்கொண்டே போனது.

"டேய், பாட்டப் போடுடான்னா இன்னாடா பண்ணிகினு கீற?" என்று நைனா பல்லைக் கடித்தார். நான் ஸ்பீக்கர்தான் தகராறு என்று நினைத்து சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். (தகராறு ஸ்பீக்கருக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.) வரிசை முடிந்து மறுபடி மேலே போனது. பிளேயருக்குத் தனக்குத் தெரிந்த ஒரே கோப்பு கிடைத்தது.

"கொற சொல்றன்னு நெனைக்காதம்மா, காப்பில சக்கர பத்தல!" என்று கூடம் அதிர்ந்தது. "பொண்ணு எளச்சி கீது! கதவு கோணலா கீது! உங்க சொவத்துல பல்லி கூட எளச்சி கீது!"

நான் நிறுத்தும் பொத்தானைத் தேடினேன். புதிய பதிப்பில் அதை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். கோடுகள் மட்டும் வெகு அழகாக ஆடின. ஒருவழியாக ஒயரைப் பிடுங்கினேன். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றார்.

"யாரு பேசனது இது?"

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். பிடுங்கிய ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அக்காதான் எழுந்தாள். கண்ணில் தண்ணீர். "நான்தான் அத்த. மன்னிச்சிக்கோங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "கொற சொல்றன்னு நெனைக்காதம்மா," என்றார். "நான் இவ்ளோ மெதுவாவா பேசறேன்? எங்க வூட்டாண்ட கடல் சத்தத்துக்கு இது எந்த மூலைக்கு? தொண்டயத் தொறந்து பேசு!"

கூடமே வெடித்துச் சிரித்தது. மோதிரம் மாற்றும்போது பாட்டே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அக்கா எண்ணூர் போய், அத்தையிடமே பாடம் கேட்டுத் தேறிவிட்டாள். இப்போது அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே குரல். மாமாவே அம்மா கூப்பிடுவதாக நினைத்து ஓடிப்போய்ப் பார்த்தால் பெண்டாட்டி நிற்பாளாம். போன வாரம் என் செல்போன், புதிய பதிப்பு வந்திருக்கிறது, போடட்டுமா என்று கேட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று எண்ணூருக்குப் போன் செய்து சொன்னேன்.

"கொற சொல்றன்னு நெனைக்காத. நல்லாத்தான ஓடிகினு கீது? கம்முனு வுட்டுடு" என்றது குரல்.

சரி என்று வைத்துவிட்டேன். பேசியது அக்காவா அத்தையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.